இணையவழி அழைப்பு மென்பொருளும் குறைபாடு வெளிப்படுத்தும் மரபும் – ஒரு வரலாற்று நோக்கு

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் பிறர் வீட்டுக்குச் செல்வோர் வாசலில் நின்று ஸலாம் கூறுவர். உள்ளிருந்து மறுமொழி கிடைத்த பின்னரே காலடி எடுத்து வைப்பர். மறுமொழி கிடைக்காதவிடத்துத் திரும்பிச் செல்வதே அங்கு மரியாதையாகக் கொள்ளப்படும். வீட்டின் உட்புறம் வீட்டாருக்கே உரியது என்பதும், அதனைக் காண்பதற்கு அவர்தம் இசைவு வேண்டும் என்பதும் இவ்வழக்கத்தின் உட்கிடையாகும். தொலைபேசி மணியும் இத்தகையதொரு வாசற் குரலே. அழைப்பவர் மணியை ஒலிக்கச் செய்கிறார். அழைக்கப்படுபவர் ஏற்கிறார், அல்லது மறுக்கிறார். ஏற்கும்வரை உள்ளே நிகழும் எதுவும் வெளியே செல்லாது என்பது இருவருக்கும் இடையேயுள்ள பேசப்படாத உடன்படிக்கையாகும்.

இவ்வுடன்படிக்கையைக் காத்துத் தருவதாக இணையவழி அழைப்பு மென்பொருள்கள் வாக்களிக்கின்றன. எனினும் அவ்வாக்கு பலமுறை பிழைத்துள்ளது. பிழைத்த ஒவ்வொரு வேளையிலும் அதனைக் கண்டறிந்து நிறுவனத்துக்கும் உலகுக்கும் எடுத்துச் சொன்னவர்கள் உளர். மணிப்பூரைச் சேர்ந்த ஒரு கட்டடப் பொறியியலாளரும், அமெரிக்கப் பாடசாலை மாணவர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். குறைபாட்டைக் கண்டவர் அதனை எவரிடம், எப்பொழுது, எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற வினா நெடுங்கால விவாதத்துக்குரியது. அவ்விவாதத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அது கல்முனைக் கரையோர மக்களின் வாழ்வோடு எவ்வகையில் தொடர்புறுகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்த குரல்

1970களின் பிற்கூறிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் தொகை இலங்கை முழுவதிலும் பெருகிற்று. அம்பாறைக் கரையோர ஊர்களும் இதற்கு விலக்காகவில்லை. சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் உழைப்போரையும் ஊரில் வாழும் அவர்தம் குடும்பத்தினரையும் இணைத்த ஊடகங்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியதொன்று. தொடக்கத்தில் கடிதம் இருந்தது. பின்னர் ஒலிப்பதிவு நாடாக்களில் பேசி அனுப்பும் வழக்கம் உண்டாயிற்று. அதன்பின் கடைத்தெருக்களிலே தோன்றிய தொலைத்தொடர்பு நிலையங்களில் வரிசையில் நின்று, நிமிடத்துக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தி, சொல்ல வேண்டியதை அவசரமாகச் சொல்லி முடித்த காலம் வந்தது.

இணையவழிக் குரல் அழைப்பு இந்நிலையை மாற்றியது. 1995ஆம் ஆண்டில் வோக்கல்டெக் என்னும் இஸ்ரேலிய நிறுவனம் இத்தகைய மென்பொருளை வணிக அடிப்படையில் வெளியிட்டது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஸ்கைப் வெளிவந்தது. 2010ஆம் ஆண்டு வைபரும், 2015ஆம் ஆண்டு வட்ஸ்அப் செயலியின் குரல் அழைப்பு வசதியும், 2016ஆம் ஆண்டு அதன் காணொளி அழைப்பு வசதியும் அறிமுகமாயின. ஸ்கைப் 2025ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி தன் சேவையை முடித்துக்கொண்டது. ஆயினும் அது தொடக்கிவைத்த பழக்கம் நிலைபெற்றுவிட்டது. தந்தை பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். திருமணப் பேச்சும் காணிப் பிணக்கும் நோயாளியின் நிலையும் இவ்வழைப்புகளிலேயே பேசப்படுகின்றன. குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் ஒரு செயலியின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இப்பிரதேச மக்களின் வழக்கிலுள்ள சொல்லால் கூறுவதாயின், அது ஓர் அமானிதமாகும்.

இங்கு மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் இம்மக்களுக்கு ஒரே தன்மையன அல்ல. வீட்டினுள் இயல்பான கோலத்தில் இருக்கும் பெண்ணொருத்தி குரல் அழைப்பை ஏற்பாள். காணொளி அழைப்பாயின் முந்தானையைச் சரிசெய்த பின்னர் ஏற்பாள், அல்லது மறுப்பாள். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோட்டை மென்பொருள் காக்கத் தவறின், அது கணினிப் பிழை என்ற எல்லையைக் கடந்து மானப் பிரச்சினையாகிவிடும்.

குறைபாடு நிகழும் இடம்

வட்ஸ்அப் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தன் செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் முழுமையான மறைகுறியாக்கத்தை ஏற்படுத்தியது. அனுப்புபவரின் கருவியில் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் கருவியிலேயே திறக்கப்படும்; இடைவழியில் எவரும் அதனை அறிய இயலாது. இது பெரும் பாதுகாப்பே. எனினும் மறைகுறியாக்கம் காப்பது வழியை மட்டுமே. வாசலைக் காப்பது வேறொரு பொறிமுறையாகும்.

ஓர் அழைப்பு நிகழும்போது இரு கைத்தொலைபேசிகளிலுமுள்ள செயலிகள் முதலில் தம்முள் செய்திகளைப் பரிமாறி, எவ்வழியாகக் குரலைக் கடத்துவது என்று இணங்கிக்கொள்கின்றன. காலதாமதத்தைக் குறைப்பதற்காக இவ்வேற்பாடுகளிற் பல, மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முடிக்கப்பட்டுவிடும். அழைக்கப்படுபவர் ஏற்கும் பொத்தானை அழுத்திய பின்னரே ஒலிவாங்கியும் கமராவும் தம் பதிவை அனுப்ப வேண்டும். ஆகவே பாதை ஏற்கனவே திறந்திருக்க, ‘முதலில் இசைவு, பின்னர் ஒலி’ என்ற ஒழுங்கு ஒன்றே காவலாக நிற்கின்றது. எதிர்பாராத வேளையில் எதிர்பாராத செய்தியொன்றை அனுப்பி அவ்வொழுங்கைக் குலைக்க முடியுமாயின், இசைவு பெறாமலே உள்ளே கேட்கவும் பார்க்கவும் இயலும்.

இரண்டாவது வகைக் குறைபாடு இதனினும் கொடியது. வந்துசேரும் தரவின் அளவைச் செயலி சரியாகச் சோதிக்காதபோது, ஒதுக்கிய இடத்துக்கு மேலாகத் தரவு நிரம்பி அயலிலுள்ள நினைவகப் பகுதிக்குள் வழிந்துவிடும். மரைக்காலின் அளவறியாது கொட்டிய நெல் பக்கத்திலுள்ள பாயிற் சிந்துவதை இதற்கு ஒப்பிடலாம். சிந்திய நெல் வீணாவதோடு முடிந்துவிடும். வழிந்த தரவோ கருவிக்குரிய கட்டளைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கைத்தொலைபேசி முழுவதையும் அந்நியர் வசமாக்கிவிடக் கூடும்.

வெளிப்படுத்தும் மரபின் தோற்றம்

குறைபாட்டைப் பகிரங்கப்படுத்தலாமா என்ற வினா கணினிக்கு முற்பட்டது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளரான ஆல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ், எவராலும் திறக்க முடியாதெனப் புகழ்பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்துகாட்டினார். பின்னர் பிராமா நிறுவனம் 200 கினி பரிசு அறிவித்து நெடுங்காலமாகக் காட்சிக்கு வைத்திருந்த பூட்டையும் 16 நாட்களில் ஏறத்தாழ 51 மணிநேரம் முயன்று திறந்தார். இத்தகைய செய்திகளை வெளியிடுவது திருடர்க்குப் பாடம் புகட்டுவதாகும் என்று அந்நாளிற் பலர் குறை கூறினர். திருடர் தம் தொழிலை நன்கறிவர் என்பதும், அறியாதிருப்போர் பூட்டை வாங்கும் நேர்மையாளரே என்பதும் ஹொப்ஸ் தரப்பினரின் விடையாக அமைந்தன. இன்று வரை நடைபெறும் விவாதத்தின் இரு பக்கங்களும் அன்றே வகுக்கப்பட்டுவிட்டன எனலாம்.

கணினி உலகில் 1988ஆம் ஆண்டு நவம்பரில் பரவிய மொரிஸ் புழு என்னும் தீநிரலின் விளைவாக, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவி இணைப்பு மையமொன்று நிறுவப்பட்டது. ஆய்வாளர் குறைகளை அதனிடம் அறிவிப்பர். அது நிறுவனங்களுக்கு அறிவிக்கும். நிறுவனங்கள் அவற்றைத் திருத்தாது கிடப்பில் இட்டமையால் அதிருப்தியுற்ற ஆய்வாளர் பலர், 1990களில் தாம் கண்டவற்றை முழுமையாகப் பொதுவில் வெளியிடத் தலைப்பட்டனர். மறைத்தலும் முழுமையாக வெளியிடலும் ஆகிய இரு துருவங்களுக்கும் இடையே நடுவழியொன்று மெல்ல உருவாயிற்று. குறையை முதலில் நிறுவனத்துக்கு இரகசியமாக அறிவித்தல், திருத்துவதற்குத் தவணை வழங்குதல், தவணை முடிந்ததும் மக்களுக்கு அறிவித்தல் என்பன அந்நடுவழியின் கூறுகளாகும். மேற்கூறிய மையம் 2000ஆம் ஆண்டில் 45 நாட்களைத் தவணையாக வகுத்தது. 2014ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் அமைத்த புரொஜெக்ட் சீரோ என்னும் ஆய்வுக் குழு 90 நாட்களைத் தன் விதியாக்கிற்று.

தவணை ஏன் இன்றியமையாததாயிற்று என்பதற்கு ஸ்கைப் மென்பொருளின் வரலாறே சான்றாகும். ஸ்கைப் பாவனையாளர் ஒருவரது இணைய முகவரியை அவர் அறியாமலே பெற்று, அவர் எந்நகரிலிருந்து எந்நகருக்குச் செல்கிறார் என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க இயலும் என்பதைப் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று 2011ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அம்முகவரி இயல்பாகவே மறைக்கப்படும் என்று ஸ்கைப் அறிவித்தது 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலாகும். பகிரங்கமாகக் கூறப்பட்ட குறையே இத்தனை ஆண்டு நீடித்ததாயின், காதோடு காதாக மட்டும் கூறப்பட்டிருப்பின் என்னவாகியிருக்கும் என்பது சிந்தித்தற்குரியது.

2019 – ஒரு திருப்புமுனை

இணையவழி அழைப்பின் பாதுகாப்பு வரலாற்றில் 2019ஆம் ஆண்டு தனியிடம் பெறுகின்றது. ஓராண்டுக்குள் நான்கு பெருநிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

முதலாவது, அப்பிள் நிறுவனத்தின் பேஸ்டைம் தொடர்பானது. ஜனவரி மாதத்தில் அரிசோனா மாநிலத்தின் டூசன் நகரில் 14 வயது மாணவரான கிராண்ட் தொம்சன், விளையாட்டுக்காக நண்பர்களைக் குழு அழைப்பில் இணைக்க முயன்றபோது, மறுமுனையில் இருப்பவர் ஏற்கு முன்பே அவரது ஒலிவாங்கி திறந்துகொள்வதைக் கண்டார். அவருடைய தாயார் மின்னஞ்சல், தொலைநகல், தொலைபேசி எனப் பல வழிகளிலும் நிறுவனத்துக்கு அறிவிக்க முயன்றும் உரிய கவனம் கிட்டவில்லை. ஜனவரி 28ஆம் திகதி செய்தி உலகெங்கும் பரவிய பின்னரே குழு அழைப்பு வசதி நிறுத்தப்பட்டது. பெப்ரவரி 7ஆம் திகதி திருத்தம் வெளிவந்தபோது, குறையைக் கண்டவராக அம்மாணவரின் பெயரும் நிறுவனத்தின் குறிப்பில் இடம்பெற்றது. குறை கூறுவோர் இல்லாமையால் விளைந்த தாமதம் என இதனைக் கொள்ள முடியாது; கூறியவர்க்குச் செவிசாய்ப்பார் இல்லாமையே காரணமாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி நமது பிராந்தியத்துக்குரியது. இந்தியாவின் வடகிழக்கு எல்லை மாநிலமான மணிப்பூரைச் சேர்ந்த சோனல் சௌகைஜாம் அப்பொழுது 22 வயதினர். கட்டடப் பொறியியல் கற்றவர். வட்ஸ்அப் குரல் அழைப்பொன்று நடந்துகொண்டிருக்கையில், மறுமுனையில் இருப்பவரது இசைவும் அறிவும் இன்றியே அதனைக் காணொளி அழைப்பாக மாற்ற அழைப்பவரால் இயலும் என்பதை அவர் கண்டறிந்தார். குரலை மட்டும் பகிர்வதாக நம்பியிருக்கும் ஒருவரது அறையை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதே இதன் பொருள். மார்ச் மாதத்தில் அவர் இதனை வட்ஸ்அப்பின் உரிமையாளரான பேஸ்புக் நிறுவனத்தின் குறைகாண் பரிசுத் திட்டத்துக்கு அறிவித்தார். மறுநாளே அறிக்கை ஏற்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குள் குறை திருத்தப்பட்டது. நிறுவனம் அவருக்கு 5,000 டொலர் பரிசளித்து, அவ்வாண்டுக்குரிய நன்றிப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தது. டூசன் நகரத் தாயார் தட்டிய கதவு திறவாதிருக்க, மணிப்பூர் இளைஞர் தட்டிய கதவு திறந்தமைக்குக் காரணம் யாதெனின், பின்னதில் அறிக்கை பெறுவதற்கென்றே அமைக்கப்பட்ட வாயில் ஒன்று இருந்தமையேயாம். முன்னர் கூறிய, குரல் அழைப்புக்கும் காணொளி அழைப்புக்கும் இடையேயான கோட்டை இவ்விளைஞரின் நேர்மை காத்தது. அதனால் நன்மையடைந்தோர் எவரும் அவர் பெயரை அறியார்.

மூன்றாவது நிகழ்ச்சி குறைபாடு தீயோர் கையில் முதலிற் சிக்கினால் விளைவதைக் காட்டுகின்றது. அழைப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தரவுப் பொதிகளைத் திரித்து அனுப்புவதன் மூலம் வட்ஸ்அப் செயலியின் நினைவகத்தை வழியச் செய்து, கருவியில் உளவு மென்பொருளைப் பதிக்கும் வழியொன்றை இஸ்ரேலிய என்.எஸ்.ஓ. நிறுவனம் கைக்கொண்டிருந்தது. அழைப்பை ஏற்க வேண்டிய தேவைகூட இல்லை. மணி ஒலித்தாலே போதும். ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 1,400 பேரின் கருவிகள் இவ்வாறு இலக்காக்கப்பட்டன. பத்திரிகையாளர், வழக்கறிஞர், மனித உரிமைச் செயற்பாட்டாளர் பலர் அவர்களுள் இருந்தனர். இந்தியரும் அவர்களுள் அடங்குவர். வட்ஸ்அப் மே மாதம் 13ஆம் திகதி இதனைப் பகிரங்கப்படுத்தித் திருத்தத்தையும் வெளியிட்டது. அக்டோபரில் அது தொடுத்த வழக்கில், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் என்.எஸ்.ஓ. பொறுப்புடையதெனத் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் யூரிகள் விதித்த 16 கோடி டொலருக்கும் மேற்பட்ட தண்ட இழப்பீட்டை அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி ஏறத்தாழ 40 இலட்சம் டொலராகக் குறைத்தாராயினும், வட்ஸ்அப் பாவனையாளரை இலக்காக்குவதற்கு நிரந்தரத் தடை விதித்தார்.

நான்காவது நிகழ்ச்சி சூம் மென்பொருள் பற்றியது. ஜொனதன் லைட்சூ என்னும் ஆய்வாளர், மக் கணினிகளில் சூம் இரகசியமாக நிறுவியிருந்த ஒரு சேவை நிரலின் காரணமாக, ஏதேனுமோர் இணையப் பக்கத்தைத் திறந்த அளவிலேயே ஒருவர் கமராவுடன் கூட்டமொன்றில் இணைக்கப்படலாம் என்பதைக் கண்டார். சூம் செயலியை நீக்கிய பின்னும் அந்நிரல் நீங்காதிருந்தது. மார்ச்சில் நிறுவனத்துக்கு அறிவித்து 90 நாள் தவணை கொடுத்தார். பரிசுப் பணத்தை ஏற்பின் குறையைப் பற்றிப் பேசாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தமையால் அப்பணத்தை அவர் மறுத்தார். போதிய திருத்தம் வராதிருக்கவே ஜூலை 8ஆம் திகதி பகிரங்கப்படுத்தினார். முதலில் தன் செயலுக்கு நியாயம் கூறிய நிறுவனம் மறுநாளே அந்நிரலை நீக்க உடன்பட்டது. மூன்று மாதத்தில் நிகழாதது ஒரே நாளில் நிகழ்ந்தமை, மக்கள் அறிதலின் வலிமையைப் புலப்படுத்துகின்றது.

அடுத்த ஆண்டு நோய்த்தொற்றின் காரணமாக இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வாயிலாகச் சூம் மூலமே விரிவுரைகள் நடைபெற்றன. மாணவர் தத்தம் வீட்டு அறைகளிலிருந்து விரிவுரை கேட்டனர். அதற்கு ஓராண்டுக்கு முன்னர் ஒருவர் பரிசை உதறி உண்மையைச் சொன்னமை அவ்வறைகளுக்கும் பாதுகாப்பாயிற்று.

தனிக் குறையிலிருந்து பொது உண்மைக்கு

புரொஜெக்ட் சீரோ குழுவைச் சேர்ந்த நட்டாலி சில்வனோவிச், பேஸ்டைம் நிகழ்ச்சியைத் தற்செயலான ஒரு தவறாகக் கொள்ளவில்லை. ஒழுங்கு குலைதல் என்னும் அதே குறை பிற செயலிகளிலும் இருக்கக் கூடும் என்று கருதி ஒவ்வொன்றாகச் சோதித்தார். சிக்னல், கூகிள் டுவோ, பேஸ்புக் மெசெஞ்சர், இந்தியாவின் ஜியோசட், வியட்நாமின் மோச்சா ஆகிய ஐந்திலும், அழைக்கப்படுபவரின் இசைவுக்கு முன்பே ஒலியோ காட்சியோ கசியும் வழிகள் காணப்பட்டன. அவை அனைத்தும் உரிய நிறுவனங்களுக்கு அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட பின்னர், 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். தாம் சோதித்தவற்றுள் வைபர், டெலிகிராம் ஆகியவற்றில் இவ்வகைக் குறை காணப்படவில்லை என்பதையும் அவர் பதிவுசெய்தார். மெசெஞ்சர் குறைக்காகக் கிடைத்த 60,000 டொலரை அறப்பணிக்கு அளித்தார். ஒருவரது வெளிப்படுத்தல் மற்றொருவரது ஆய்வுக்கு வித்தாகின்றது என்பதும், முதற் குறை மறைக்கப்பட்டிருப்பின் மற்றவை ஐந்தும் நீடித்திருக்கும் என்பதும் இதனாற் பெறப்படும்.

மறுதரப்பின் வாதம்

வெளிப்படுத்தலை எதிர்ப்போரின் வாதத்தையும் புறக்கணித்தலாகாது. குறை பகிரங்கமான நாளுக்கும், கடைசிப் பாவனையாளர் தம் செயலியைப் புதுப்பிக்கும் நாளுக்கும் இடையே இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் அபாயம் குறைவதில்லை, சில வேளைகளிற் கூடுகின்றது. அதனால் பாதிப்புறுவோர் பெரிதும் எளியோரே. மூத்த மகன் பாவித்துக் கழித்த பழைய கைத்தொலைபேசி தாயிடம் வந்து சேர்கிறது. அதற்குரிய புதுப்பிப்புகள் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகின்றன. எனவே வெளிப்படுத்தல் மட்டுமே பாதுகாப்பைத் தந்துவிடும் என்று கூற முடியாது. அது பாதுகாப்பின் முதற்படியாகும்.

இவ்விடத்தில் மொழி பற்றிய வினாவும் எழுகின்றது. 2013ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்தைச் சேர்ந்த கலீல் ஷ்ரேதே, பேஸ்புக்கில் எவருடைய பக்கத்திலும் எவரும் எழுதக்கூடிய குறையொன்றைக் கண்டு அறிவித்தார். அவரது ஆங்கிலம் செம்மையானதன்று. இது குறையே அன்று என்று நிறுவனம் மறுமொழி அனுப்பிற்று. அவர் நிறுவனத் தலைவரின் பக்கத்திலேயே எழுதிக் காட்டிய பின்னர்தான் குறை ஒப்புக்கொள்ளப்பட்டது. விதியை மீறினார் என்று கூறிப் பரிசு மறுக்கப்பட்டபோது, பிற ஆய்வாளர்கள் தம்முள் பணம் திரட்டி அவருக்கு அளித்தனர். அதே ஆண்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த அருள்குமார் என்னும் இளைஞர் பிறரது படங்களை அழிக்கக்கூடிய குறையொன்றை அறிவித்தபோது, முதலில் நம்பாத நிறுவனத்துக்குச் செய்துகாட்டும் காணொளியொன்றை அனுப்பி 12,500 டொலர் பரிசு பெற்றார். உண்மை இருவரிடமும் இருந்தது. அதனை எடுத்துச் சொல்லும் வாய்ப்பு இருவர்க்கும் ஒரே வகையில் வாய்க்கவில்லை.

சட்டமும் கருதத்தக்கது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், சட்டபூர்வமான அதிகாரமின்றிக் கணினியொன்றினுள் நுழைதலைக் குற்றமாக்குகின்றது. அது வேண்டியதொரு சட்டமே. ஆயின் நல்லெண்ணத்தோடு குறை காண முற்படுபவர் தம் கருவிகளிலேயே சோதித்தல், பிறர் தரவைத் தொடாதிருத்தல், நிறுவனம் வகுத்த நெறிக்கு அடங்குதல் ஆகியவற்றை வழுவாது பேண வேண்டும் என்பதை அது நினைவூட்டுகின்றது. 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசர தயார்நிலை அணி, இந்நாட்டவர் நாடக்கூடிய பொது வாயிலாக உள்ளது.

கடைசிப் படி

இனி, மீண்டும் 2019ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதியை நோக்குவோமாயின், கல்முனைக் கரையோரத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகும். ஏப்ரல் 21ஆம் திகதியின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நிகழ்ந்த வெடிப்புகளும் இப்பிரதேசத்தை உலுக்கியிருந்தன. வெளிநாட்டில் இருந்தோர் ஊரிலுள்ளோரின் நலம் அறிய இடைவிடாது அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. மே 13ஆம் திகதி, நாட்டின் வேறு பகுதிகளில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை எழுந்ததைத் தொடர்ந்து, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. வட்ஸ்அப் தன் பாவனையாளர் அனைவரையும் செயலியைப் புதுப்பிக்குமாறு உலகுக்கு அறிவித்ததும் அத்திகதியிலேயே ஆகும்.

தடையை மீறி அழைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அச்செயலியிலேயே பாதுகாப்புக் குறை இருந்தது என்ற செய்தி எவ்வாறு எட்டியிருக்கும்? நிறுவனத்தின் அதிகாரபூர்வக் குறிப்பு துறைசார்ந்தோர்க்கு மட்டுமே விளங்கும் ஆங்கிலத்தில் அமைந்த ஓரிரு வரிகளாகும். ஐபோன் கருவிகளுக்கு வெளியிடப்பட்ட புதுப்பிப்பின் அறிமுகக் குறிப்போ, ஸ்டிக்கர்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைப் பற்றிப் பேசியதேயன்றிப் பாதுகாப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை. குறையைக் கண்டவர் சொன்னார், நிறுவனம் திருத்தியது, அறிஞர் அறிந்தனர். யாருடைய வாசல் திறந்து கிடந்ததோ, அவருக்கு மட்டும் அவர் மொழியில் ஒருவரும் சொல்லவில்லை.

வெளிப்படுத்தும் மரபின் வரலாறு இதுகாறும் ஆய்வாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையேயான பிணக்கின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஹொப்ஸ் முதல் லைட்சூ வரை, கண்டவர் பேசலாமா என்பதே வினாவாக இருந்தது. பேசலாம், பேசவும் வேண்டும் என்ற விடை இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டுள்ளது. எஞ்சியிருப்பது, பேசப்பட்டது உரியவரைச் சென்றடைதல் என்னும் கடைசிப் படியாகும். அதனை இம்பாலிலோ கலிபோர்னியாவிலோ உள்ளவர் நமக்காகச் செய்துதர இயலாது.

ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்தின் நடுவே நிற்கின்றது. தொழினுட்பம் கற்பவரும் தமிழ் கற்பவரும் ஒரே வளாகத்தில் உள்ளனர். பாதுகாப்பு அறிவிப்பொன்று வெளிவந்த அன்றே, ‘உங்கள் செயலியில் இன்ன குறை இருந்தது, இவ்வாறு புதுப்பித்துக்கொள்ளுங்கள், ஊரிலுள்ள உம்மாவுக்கும் சொல்லுங்கள்’ என்று பத்து வரியில் எளிய தமிழில் எழுதிப் பள்ளிவாசல் பலகையிலும் கோயில் வாயிலிலும் பாடசாலையிலும் ஒட்டுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இளைஞர் ஒருவர் தம் வீட்டிலுள்ள முதியோரின் கைத்தொலைபேசிகளை மாதமொருமுறை புதுப்பித்துக் கொடுப்பதற்கும் பட்டம் வேண்டியதில்லை. வாசலில் நின்று ஸலாம் கூறும் பண்பு வருபவருடைய கடமை. வாசற் கதவின் தாழ்ப்பாள் பழுதுற்றிருப்பதை அயலவர்க்கு எடுத்துச் சொல்லுதல் அதனைக் கண்டவருடைய கடமை. மணிப்பூர் இளைஞர் முகமறியாத கோடிக்கணக்கான அயலவர்க்கு அக்கடமையை ஆற்றினார். அடுத்த வீட்டுக்கு அச்செய்தியைக் கொண்டுசெல்லும் கடமை கற்றோரைச் சார்ந்ததாகும்.